பழைய கருவியும் புதிய மூளையும்

சுருதி விலகாத இசைக்கருவி எது என்று ஒருவர் கேட்பாராயின், அத்தகைய கருவி உலகில் இல்லை என்பதே தக்க விடையாகும். வீணையின் தந்தி தளர்கிறது. மிருதங்கத்தின் தோல் காற்றின் ஈரத்திற்கேற்ப ஏறியும் இறங்கியும் நிற்கிறது. நாகசுரத்தின் சீவாளி வாசிப்பவரின் வாயீரத்தால் பதம் மாறுகிறது. கச்சேரியின் நடுவே வித்துவான் வாசிப்பை நிறுத்தி முறுக்காணியைத் திருகுவதை நாம் குறையாகக் கருதுவதில்லை; கருவியோடு உடன்பிறந்த இயல்பு அது என்று அறிந்து பொறுத்துக் கொள்கிறோம்.

மின்சாரத்தால் ஒலிக்கும் கருவிக்குத் தந்தியும் இல்லை, தோலும் இல்லை, சீவாளியும் இல்லை. ஆகவே அதற்குச் சுருதிக் கவலையே இராது என்று மாணவர்கள் எண்ணக்கூடும். நிகழ்ந்த வரலாறு இதற்கு நேர்மாறானது. சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியின் முதல் இருபது ஆண்டு வரலாறு, பெரும்பாலும் சுருதியை நிலைநிறுத்துவதற்காக மனிதர் பட்ட பாட்டின் வரலாறே. அப்பாட்டின் பயனாகக் கருவி திருந்தியது. திருந்திய பிறகு, எதையோ இழந்துவிட்டோமோ என்ற ஐயமும் எழுந்தது. இன்று பழைய சிந்தசைசர்களைத் தேடி வாங்கி, அவற்றிற்குப் புதிய உறுப்புகளைப் பொருத்தி வாசிப்போர் பலர். அத்தகைய கருவியிலிருந்து சிறந்த பயனைப் பெறுவது எங்ஙனம் என்ற கேள்விக்கு விடை, அந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது என்பது என் கருத்து. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

சிந்தசைசர் என்ற சொல்லுக்குப் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்குவது என்று பொருள். அக்கருவியினுள் மூன்று முதன்மையான உறுப்புகள் உண்டு. முதலாவது அலையியற்றி, ஒலிக்கு மூலமான மின்னலையை எழுப்புவது இது. இரண்டாவது வடிகட்டி, அவ்வலையில் கலந்துள்ள மேலொலிகளுள் வேண்டாதவற்றைக் குறைத்து, ஒலிக்கு நிறம் தருவது. மூன்றாவது பெருக்கி, ஒலி எழுவதையும் நிற்பதையும் அடங்குவதையும் ஆள்வது. 1957-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசை நிலையத்தில் நிறுவப்பட்ட ஆர்.சி.ஏ. சிந்தசைசர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. துளையிட்ட காகித நாடாவின் வழியாக அதற்குக் கட்டளைகள் தரப்பட்டன. அதனை மேடையேற்றுவது இயலாத காரியம்.

1964-ஆம் ஆண்டில் ராபர்ட் மோக் என்னும் அமெரிக்கர், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரின் தூண்டுதலோடு, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு சிறிய கருவி ஒன்றை அமைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய ஒலிப் பொறியியற் கழகத்தின் மாநாட்டில் அதனை விளக்கினார். அக்கருவியின் அடிப்படை விதி மிக எளியது: அலையியற்றிக்குத் தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால், சுருதி சரியாக ஒரு ஸ்தாயி உயர வேண்டும். இரண்டு வோல்ட் உயர்ந்தால் இரண்டு ஸ்தாயி. ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு சுரத்தானங்கள் இருப்பதால், பன்னிரண்டில் ஒரு பங்கு வோல்ட் ஒரு சுரத்தானத்தைக் குறிக்கும். கட்டைப் பலகையில் எக்கட்டையை அழுத்தினாலும் அதற்குரிய வோல்ட் புறப்பட்டுச் சென்று அலையியற்றியை ஆளும். பின்வந்த கருவிகளுள் பல இவ்விதியையே தழுவின.

விதி எளியதாயினும் அதனை நிறைவேற்றுவது எளிதன்று. ஒரு ஸ்தாயி உயர்வது என்றால் அதிர்வெண் இரு மடங்காவது என்று பொருள். 110, 220, 440, 880 என்று பெருக்கல் முறையில் ஏறும் அதிர்வெண்ணை, 1, 2, 3, 4 என்று கூட்டல் முறையில் ஏறும் மின்னழுத்தம் ஆளவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்து தருவது டிரான்சிஸ்டரின் இயற்கைக் குணம். அதன் உள்ளீட்டு மின்னழுத்தம் சிறிது சிறிதாகக் கூடினால், அதில் ஓடும் மின்னோட்டம் மடங்கு மடங்காகப் பெருகும். மோக் இக்குணத்தைப் பயன்படுத்திக் கொண்டார். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. இக்குணம் வெப்பநிலையைச் சார்ந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். மேற்கத்திய இசையியலார் ஒரு ஸ்தாயியை 1,200 சென்டுகளாகப் பகுத்துள்ளனர். ஒரு சுரத்தானத்திற்கு 100 சென்டு. அறை வெப்பநிலையில் ஒரு டிகிரி உயர்ந்தால், டிரான்சிஸ்டரின் இந்த அளவுகோல் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மாறுகிறது. அதாவது, திருத்தம் எதுவும் செய்யாவிடில், ஒரு ஸ்தாயியின் அகலம் டிகிரிக்கு 4 சென்டு சுருங்கும். கருவி சூடேறிப் பத்து டிகிரி உயர்ந்தால் ஒரு ஸ்தாயிக்கு 40 சென்டு. மூன்று ஸ்தாயிக்கு 120 சென்டு. ஒரு சுரத்தானத்திற்கும் மேலான பிழை இது! கீழ் ஷட்ஜம் சேர்ந்திருக்கையிலேயே மேல் ஷட்ஜம் விலகிவிடும். முழுக் கருவியும் ஒருமிக்க இறங்கினால் உடன் வாசிப்போர் இறங்கிச் சேர்ந்து கொள்ளலாம். ஸ்தாயியின் அகலமே மாறினால் எவரோடு எவர் சேர்வது?

1968-ஆம் ஆண்டில் வெண்டி கார்லோஸ் என்பார், பாக் என்னும் ஜெர்மானிய மேதையின் இசையை மோக் கருவியில் வாசித்து ‘ஸ்விட்ச்ட்-ஆன் பாக்’ என்ற இசைத்தட்டாக வெளியிட்டார். உலகம் அதனைக் கேட்டு வியந்தது. அக்கருவி ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். ஆதலால் சிறு சிறு துண்டுகளாக வாசித்து, அடிக்கடி சுருதி பார்த்துத் திருத்தி, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தே அவ்விசை உருவாயிற்று. 1970-இல் மினிமோக் என்னும் கையடக்கமான கருவி வந்தது. அதனை மேடைக்குக் கொண்டு சென்ற இசைஞர்கள், விளக்குகளின் வெப்பம் ஒருபுறமும் திறந்தவெளிக் காற்று மறுபுறமுமாக, சுருதிக் குமிழில் ஒரு கையை வைத்தபடியே வாசிக்கப் பழகினர்.

பொறியாளர்கள் வாளாவிருக்கவில்லை. ஒரே தன்மையுடைய இரண்டு டிரான்சிஸ்டர்களை அருகருகே இரட்டையர் போல் அமைத்து, ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று ஈடுகட்டச் செய்தனர். அப்பொழுதும் எஞ்சி நிற்கும் அந்த மூன்றில் ஒரு பங்குப் பிழையைப் போக்க, வெப்பம் ஏறும்போது அதே விகிதத்தில் தன் தடையும் ஏறும் சிறப்பு மின்தடையைச் சேர்த்தனர். வேறு சிலர், டிரான்சிஸ்டர்களோடு ஒரு சிறு வெப்பியையும் ஒரே சில்லினுள் அடக்கி, அறை எவ்வளவு குளிர்ந்தாலும் சில்லு ஒரே சூட்டில் இருக்குமாறு செய்தனர். 1970-களின் இறுதியில் டக் கர்ட்டிஸ் என்பார் வடிவமைத்த சில்லுகள் வந்தன. அலையியற்றி முழுவதும், அதன் வெப்பத் திருத்தத்தோடு, விரல் நுனியளவான ஒரே சில்லில் அடங்கிற்று. சி.இ.எம். 3340 என்பது அதன் பெயர்.

இதற்கிடையே வேறொரு தேவையும் எழுந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்பது போதவில்லை. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கருவியை இசைஞர்கள் வேண்டினர். 1978-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த டேவ் ஸ்மித், ஜான் போவென் என்பாரின் துணையோடு பிராபெட்-5 என்னும் கருவியை வெளியிட்டார். ஐந்து குரல்கள், குரலுக்கு இரண்டு அலையியற்றிகள், ஆகப் பத்து. ஒன்றைச் சுருதி சேர்ப்பதே பாடாக இருந்த காலத்தில், பத்தை எவர் சேர்ப்பது? ஸ்மித் அந்தப் பணியை ஒரு நுண்செயலியிடம் ஒப்படைத்தார். சுருதிப் பொத்தானை அழுத்தியவுடன், இசட்-80 என்னும் அச்செயலி ஒவ்வோர் அலையியற்றியையும் ஒலிக்கச் செய்து, அதன் அதிர்வைக் கணக்கிட்டு, எவ்வளவு விலகியுள்ளது என்று குறித்துக்கொள்ளும். பின்னர்க் கட்டையை அழுத்தும்போதெல்லாம் அக்குறிப்பின்படி மின்னழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். நாற்பது ஒலியமைப்புகளை நினைவில் வைத்து, வேண்டியபோது எடுத்துத் தருவதும் அதன் வேலையே. மின்னிசைக் கருவிக்கு மூளை முளைத்த ஆண்டு 1978 என்று நான் கூறுவது வழக்கம்.

பிராபெட்-5 மூன்று முறை உருமாறியது. முதல் உருவில் வந்தவை 182 மட்டுமே. முதல் இரண்டு உருவங்களிலும் எஸ்.எஸ்.எம். என்ற வகைச் சில்லுகள் இருந்தன. 1980-இல் வந்த மூன்றாம் உருவத்தில், உறுதிப்பாட்டை வேண்டி, கர்ட்டிஸின் சில்லுகள் இடம்பெற்றன. சுருதி நிலைத்தது; பழுதும் குறைந்தது. ஆனால் அன்று தொடங்கிய வழக்கு ஒன்று இன்றளவும் தீரவில்லை. நிலைத்த சுருதியுடைய மூன்றாம் உருவத்தைவிட, சற்றே அலையும் முதலிரண்டு உருவங்களின் ஒலியே உயிர்ப்புடையது என்று பலர் சாதிக்கின்றனர். இந்த வழக்கைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

அடுத்த திருப்பம் 1983-இல் நிகழ்ந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலாதிருந்த காலம் அது. ஸ்மித்தும் அவருடைய தோழர் செட் உட்டும் 1981-இல் ஒரு பொது மொழியை முன்மொழிந்தனர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுத்தாரோ ககேஹாஷியும் அதே நோக்கமுடையவர். போட்டியாளர்கள் ஒருங்கிணைந்து வகுத்த அம்மொழியே மிடி. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் பிராபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தனர்; ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. இதற்காக ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் 2013-ஆம் ஆண்டில் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

அந்த பிராபெட்-600 கருவியைத்தான் என் பேச்சுக்கு உதாரணமாகக் கொள்ள விரும்புகிறேன். ஆறு குரல்கள், பன்னிரண்டு அலையியற்றிகள், நூறு நினைவுகள், அறுபத்தொரு கட்டைகள். பிராபெட்-5 கருவியைவிட மிகக் குறைந்த விலை. விலையைக் குறைப்பதற்காக, தனிச் சுற்றுகள் செய்துவந்த பல வேலைகளை இசட்-80 செயலியின் தலையிலேயே ஏற்றிவிட்டனர். சுரம் எழுந்து அடங்கும் வடிவைக் கணக்கிடுதல், ஒலியை மெல்ல அசைக்கும் அலையைப் பிறப்பித்தல், குமிழ்களைப் படித்தல், கட்டைகளைக் கவனித்தல் ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பு. வேலை மிகுந்த பணியாள் போல் அது தடுமாறியது. தட்டியதும் தெறித்தெழ வேண்டிய ஒலி சோம்பலாக எழுந்தது. குமிழைத் திருகினால் ஒலி வழுக்கிச் செல்லாமல் படிப்படியாகத் தாவியது. காரணம் வெளிப்படை. குமிழின் முழுச் சுற்றையும் 128 படிகளாகப் பகுத்து, வடிகட்டியைப் பத்து ஸ்தாயி தூரம் நகர்த்தினால், ஒவ்வொரு படியும் ஏறத்தாழ ஒரு சுரத்தானம் ஆகிறது. காதுக்கு அது படிக்கட்டாகவே கேட்கும்.

ஆயினும் அக்கருவியின் உடல் நல்ல உடல். அதன் அலையியற்றிகள் நான் முன்னர்க் கூறிய கர்ட்டிஸ் சில்லுகளே. குறை மூளையில் மட்டுமே இருந்தது. 2014-ஆம் ஆண்டளவில் ஆர்வலர் ஒருவர் இதனை உணர்ந்து, இசட்-80 செயலி அமர்ந்திருந்த அதே குழியில் பொருத்தத்தக்க சிறு கணினிப் பலகை ஒன்றிற்குப் புதிய நிரல் எழுதினார். அதனை எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் இலவசமாகவே வழங்கினார். அப்பலகையைப் பொருத்தியதும் ஒலி உடனே தெறித்தெழுந்தது. குமிழ்கள் வழுக்கின. கட்டையை அழுத்தும் வேகத்திற்கேற்ப ஒலி மாறும் வசதியையும், வேகம் உணரும் வேறொரு கட்டைப் பலகையை மிடி வழியே இணைத்தால் பெற முடிந்தது. கருவி பிறந்து முப்பதாண்டுகளுக்குப் பின் அதன் முழு ஆற்றலும் வெளிப்பட்டது எனலாம்.

ஆனால் பலகையைப் பொருத்திய அனைவரும் ஒரே பயனைப் பெறவில்லை. கருவி மறுபிறவி எடுத்தது என்று மகிழ்ந்தோரும் உண்டு. பழைய இனிமை போயிற்று என்று வருந்தியோரும் உண்டு. இருசாராரும் தாம் கேட்டதையே கூறுகின்றனர். வேறுபாடு பலகையில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய பணிகளில் உள்ளது. அவற்றை வரிசைப்படுத்திக் கூறுகிறேன்.

முதற்பணி மின்வழங்கியைச் சோதிப்பது. நாற்பதாண்டு கடந்த கருவியில் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும். மின்னழுத்தத்தின் மீது நுண்ணிய அலை படரும். வோல்ட்டையே அளவுகோலாகக் கொண்ட கருவியில் அளவுகோலே நடுங்கினால் சுருதி எங்ஙனம் நிலைக்கும்? புது மூளையைப் பொருத்துமுன் பழைய இரத்தத்தைச் சீர்செய்ய வேண்டும். கருவியின் உட்புறத்தில் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்சாரம் ஓடுவதால், இதனைப் பயிற்சியுடைய தொழிலாளரிடமே விடுதல் நன்று. மாணவர்கள் மூடியைத் திறந்து கைவைத்தல் ஆகாது.

இரண்டாவது, நினைவுகளைக் காப்பது. அக்காலக் கருவிகளில் ஒலியமைப்புகளை ஒரு சிறிய பாட்டரியே காத்து நிற்கும். பாட்டரியைக் கழற்றினால் நூறு நினைவுகளும் ஒரு நொடியில் அழியும். பிராபெட்-600 கருவியில் நினைவுகளைக் காஸெட் நாடாவில் ஒலியாகப் பதிவு செய்யும் வழி உண்டு. முதலில் அதனைச் செய்துவிட்டே பாட்டரியைத் தொட வேண்டும். கழற்றிய இசட்-80 செயலியையும் பத்திரமாக எடுத்து வைத்தல் வேண்டும். இன்று நாம் செய்யும் திருத்தத்தை நாளை வருவோர் விரும்பாமற் போகலாம். அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை அடைத்துவிட நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, சூடேறும்வரை பொறுத்திருப்பது. மேலே போட்ட கணக்கை நினைவுகூருங்கள். வெப்பத் திருத்தம் பெற்ற சில்லும் குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறும்வரை சிறிது அலையவே செய்யும். கருவிக்கு மின்சாரம் தந்து இருபது நிமிடமாவது கழித்தே சுருதிப் பொத்தானை அழுத்த வேண்டும். குளிர்ந்த கருவியில் அழுத்தினால், செயலி அந்தக் கணத்து விலகலைக் குறித்துக்கொண்டு, கருவி சூடேறிய பின்னும் அப்பழைய குறிப்பின்படியே நடக்கும். திருத்தமே பிழையாகிவிடும்.

நான்காவது, உள்ளே உள்ள திருத்து திருகுகளைச் சரிசெய்வது. அலையியற்றி ஒவ்வொன்றிற்கும் ஸ்தாயியின் அகலத்தை ஆளும் திருகைத் தொழிலாளர் முதலில் சரிசெய்வார். ஒட்டுமொத்தச் சுருதியைப் பின்னரே பார்ப்பார். முறையை மாற்றினால் வேலை முடிவதே இல்லை. செயலி எவ்வளவு திறமையுடையதாயினும் அது திருத்தக்கூடிய விலகலுக்கு ஓர் எல்லை உண்டு. கையால் பெரும்பிழையைக் களைந்து, சிறு பிழையை மட்டும் செயலிக்கு விட்டுவைப்பதே முறை. நிலத்தைப் பரம்படித்துச் சமன்செய்த பிறகு நீர்ப் பாய்ச்சுவதற்கு இதனை ஒப்பிடலாம். மேடு பள்ளத்தோடு பாய்ச்சிய நீர் பயிருக்குச் சேராது.

ஐந்தாவது, மிடி இணைப்பைச் செவ்வனே அமைப்பது. மிடி நொடிக்கு 31,250 துணுக்குகளை வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. ஒரு சுரத்தின் செய்திக்கு 30 துணுக்குகள். அஃதாவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி. ஆறு சுரங்களை ஒருங்கே அழுத்தினாலும் ஆயிரத்தில் ஆறு நொடிக்குள் செய்தி சென்றுவிடும். காது அதனைப் பொருட்படுத்தாது. ஆயின், குமிழ் அசைவுகளும் பிற செய்திகளும் அதே கம்பியில் வெள்ளமாகப் புகுந்தால் சுரங்கள் வரிசையில் காத்து நிற்கும், தாளம் தளரும். வேண்டாத செய்திகளைக் கணினியிலேயே நிறுத்திவிட வேண்டும். வாசித்த சுரத்தைக் கணினி மீண்டும் கருவிக்கே திருப்பி அனுப்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருப்பினால் ஒவ்வொரு சுரமும் இரட்டித்து, ஆறு குரல்களும் மூன்று கட்டைகளிலேயே தீர்ந்துபோகும். கருவியில் பழுது என்று கொண்டுவரப்பட்டவற்றுள் இவ்வகைக் குழப்பங்களையும் நான் கண்டிருக்கிறேன்.

ஆறாவது பணி எல்லாவற்றினும் நுண்ணியது. இதற்குக் கருவி எதுவும் வேண்டா, காதுகளே வேண்டும். பழைய மூளையின் சோம்பலை நம்பியே பழைய ஒலியமைப்புகள் ஆக்கப்பட்டிருந்தன. சுரம் மெல்ல எழும் என்பதை அறிந்து, அதன் தொடக்கத்தை மிகக் குறுகலாக வைத்திருப்பர். புதிய மூளை அதே கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றும்போது, ஒலியின் தொடக்கத்தில் சொடுக்கு ஒன்று கேட்கிறது. இனிமை போயிற்று என்று வருந்துவோர் பெரும்பாலும் இதனையே கேட்டு வருந்துகின்றனர். ஒவ்வோர் ஒலியமைப்பையும் பொறுமையாகக் கேட்டு, எழுச்சியைச் சற்று மென்மையாக்கினால், போன இனிமை திரும்பி வரும். புதிய உறுப்பைப் பொருத்துவது அரைநாள் வேலை. அதற்கேற்பப் பழைய ஒலிகளை மீண்டும் செதுக்குவது அரைமாத வேலை. பலர் முன்னதோடு நின்றுவிடுகின்றனர்.

இனி, முன்னர் நிறுத்திவைத்த வழக்கிற்கு வருவோம். சுருதி முற்றிலும் நிலைப்பது நன்றா, சற்றே அலைவது நன்றா? இரண்டு அலையியற்றிகளை ஒருசேர ஒலிக்கச் செய்வோம். ஒன்று நொடிக்கு 440 முறை அதிர்கிறது. மற்றொன்று அதனினும் 2 சென்டு உயர்ந்து, ஏறத்தாழ 440.5 முறை அதிர்கிறது. இரண்டும் கூடும்போது ஒலி, இரண்டு நொடிக்கு ஒருமுறை மெல்லப் பொங்கித் தாழ்கிறது. பெளதிக நூல்களில் விம்மல் என்று மாணவர்கள் படிப்பது இதனையே. ஒலி மூச்சு விடுவது போல் இருக்கும், கேட்க இனிமை. விலகல் 20 சென்டு ஆனால் என்னாகும்? நொடிக்கு ஐந்து விம்மல். ஒலி நடுங்கும், சுருதி கெட்டது என்று காதைப் பொத்திக்கொள்வோம். விலகலே இல்லையெனில், இரண்டு அலைகளும் ஒன்றாய் உறைந்து, ஒரே குரல் உரத்துக் கேட்பது போலத் தட்டையாக நிற்கும்.

ஆக, 2 சென்டில் அழகாக இருந்ததே 20 சென்டில் பழுதாகிறது. பொருள் ஒன்றே, அளவு வேறு. பலர் சேர்ந்து பாடும் பஜனையில் எல்லாக் குரலும் இம்மியும் விலகாது ஒன்றினால் அது கூட்டமாகக் கேட்பதில்லை. பெரிதும் விலகினால் அது பாட்டாகவே கேட்பதில்லை. முன்னாளைய பொறியாளர்கள் 20 சென்டோடு போராடினர், அப்போராட்டம் நியாயமானது. அதில் பெற்ற வெற்றி, சில கருவிகளில், அந்த 2 சென்டையும் துடைத்துக்கொண்டு போயிற்று. பழைய உருவமே உயிர்ப்புடையது என்று சாதிப்போர் கேட்பது அந்த இரண்டைத்தான், இருபதை அல்ல.

இவ்வழக்கில் மிக வியப்பான சாட்சி ஒன்று உண்டு. 1987-இல் மூடப்பட்ட தம் பழைய நிறுவனத்தின் பெயரை, யமஹா நிறுவனத்திடமிருந்து டேவ் ஸ்மித் 2015-இல் திரும்பப் பெற்றார். 2020-ஆம் ஆண்டில் பிராபெட்-5 கருவியின் நான்காம் உருவத்தை வெளியிட்டார். அதில் கர்ட்டிஸ் வகைச் சில்லுகள் இருந்தன. சுருதி அசையாது நின்றது. அத்துடன் ‘வின்டேஜ்’ என்று பெயரிட்ட ஒரு குமிழையும் அவர் வைத்தார். அதனை ஒரு பக்கம் திருப்பினால் நான்காம் உருவத்தின் உறுதி. மறுபக்கம் திருப்பத் திருப்ப, குரல்கள் ஒன்றுக்கொன்று சிறிது சிறிதாக விலகி, முதல் உருவத்தின் அலைச்சல் வந்து சேரும். சுருதியை நிலைநிறுத்துவதற்காகக் கருவிக்கு மூளை தந்த அதே மனிதர், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அச்சுருதியை வேண்டியபோது வேண்டிய அளவு கலைப்பதற்கும் ஒரு குமிழ் தந்தார்! அவர் 2022-இல் காலமானார்.

அவர் தம் பழைய பணியை மறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தானே நேர்ந்த விலகல் வேறு, நாம் தேர்ந்த விலகல் வேறு. முன்னது நம்மை ஆளுகிறது. பின்னதை நாம் ஆளுகிறோம். முதலில் கருவியை முற்றிலும் சீராக்கும் ஆற்றலைப் பெற்றவனே, எவ்வளவு சீர் போதும் என்று முடிவு செய்யும் உரிமையையும் பெறுகிறான். பழைய கருவியைப் புதுப்பிப்போருக்கு நான் கூறும் ஏழாவது பணியும் இதுவே. எல்லாவற்றையும் செம்மையாகச் சுருதி சேர்த்து முடித்த பிறகு, இரண்டாம் அலையியற்றியின் நுண்சுருதிக் குமிழை மயிரிழையளவு திருப்பி, கண்களை மூடிக் கேளுங்கள். ஒலி எந்த இடத்தில் மூச்சுவிடத் தொடங்குகிறதோ அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

மாணவர்களாகிய நீங்கள் சிந்தசைசரைத் தொடாமலே வாழ்நாளைக் கழிக்கலாம். ஆயின் பழையதைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஒருநாள் உங்கள் கைக்கு வந்தே தீரும்: ஒரு வீடு, ஒரு நூலகம், ஓர் அலுவலக நடைமுறை, ஒரு பாடத்திட்டம், எதுவாகவும் அது இருக்கலாம். அன்று உங்களைச் சுற்றிலும் இரு குரல்கள் கேட்கும். பழையது அனைத்தும் பழுது என்று ஒரு குரல். பழையது அனைத்தும் உயிர் என்று மற்றொரு குரல். இரண்டிற்கும் உடனே செவிசாய்க்காமல், பொறியாளரைப் போல அளந்து பாருங்கள்; பாடகரைப் போலக் கேட்டும் பாருங்கள். எது இருபது, எது இரண்டு என்பது அப்பொழுது விளங்கும்.